பசுமையெல்லாம் காடாமோ?

கோடை விடுமுறை பிறந்ததும், சமவெளியில் வாழும் குடும்பத்தார் வெயிலுக்கஞ்சி மலைநாட்டை நாடுவது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கமாய்விட்டது. பிள்ளைகளுக்குத் தேர்வு முடிகிறது. பெற்றோருக்குச் சில நாள் ஓய்வு வாய்க்கிறது. மேட்டுப்பாளையத்தினின்று வளைந்து வளைந்தேறும் சாலையில் வண்டிகள் எறும்புச் சாரைபோல் ஏறுகின்றன. உதகையில் மலர்க் கண்காட்சியும், குன்னூரிற் பழக் கண்காட்சியும், கோத்தகிரியிற் காய்கறிக் கண்காட்சியும் மே மாதத்தில் நடைபெறுவதால், காண்பதற்குப் பொருளில்லை யென்னும் குறையும் இல்லை. இங்ஙனம் சென்று மீளும் குடும்பங்கள் பல்லாயிரம். அவர்கள் மீளும்போது தைலப் புட்டியும், தேயிலைப் பொட்டலமும், வர்க்கியும் வாங்கி வருகிறார்கள். ஆயின், காட்டைப்பற்றி யாது அறிந்து வருகிறார்கள்? ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள் இதுவே.

கோத்தகிரியினின்று வடகிழக்காகக் கீழ் கோத்தகிரியை நோக்கிச் செல்வோமாயின், மலைச்சரிவுகள் வாரிச் சீவிய தலைபோல் ஒழுங்குபட்ட தேயிலைத் தோட்டங்களாய்க் காட்சியளிக்கும். தேயிலைக்கு நிழல் தருமாறு சில்வர் ஓக் மரங்கள் இடையிடையே நெட்டையாய் நிற்கும். மேட்டுநிலங்களில், மலைநாட்டார் கற்பூரமரம் என்று வழங்கும் யூகலிப்டஸ் மரங்களும், சீகை யென்று வழங்கும் வாட்டில் மரங்களும் அடர்ந்திருக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையே. இதனைக் கண்ட தந்தையார் வண்டியின் கண்ணாடியை இறக்கி, "பாரப்பா, எவ்வளவு பெரிய காடு!" என்று மைந்தனுக்குக் காட்டுவார். மைந்தனும் வியப்பான். தந்தையார் பொய் சொன்னாரல்லர். எனினும் அவர் காட்டியது காடன்று. அவர் காட்டியது தோட்டம். அதனை யடுத்து, விறகுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் அயல்நாட்டினின்று கொணர்ந்து நட்ட தோப்பு. உண்மைக் காடோ, அச்சரிவுகளின் மடிப்புக்களிலும் நீரோடும் பள்ளங்களிலும் கருத்து அடர்ந்து, கேட்பாரற்றுக் கிடக்கிறது. வண்டி அதனைக் கடந்து போய்விடுகிறது.

இஃது ஒரு சொற்பிழை. இதனாற் கெட்டது என்ன வென்று சிலர் வினவலாம். கெட்டது மிகப் பெரிது என்பதே நம் கருத்து. தோட்டத்தையும் தோப்பையும் காடென்று நம்பி வளரும் பிள்ளைக்கு, உண்மைக் காடு ஒன்று அழிந்தால் அழிந்தது தெரியாது. மரம் வெட்டப்பட்ட இடத்தில் வேறு மரம் நடப்பட்டதைக் கண்டு அவன் ஆறுதல் அடைவான். ஆதலின், பிள்ளைகளை மலைக்கு அழைத்துச்செல்லும் பெற்றோர், ஒருநாட் காலையேனும் பழஞ்சோலை யொன்றனுள் அவர்களை மெல்ல நடத்திச்சென்று, நட்ட பசுமைக்கும் தானே முதிர்ந்த காட்டுக்கும் உள்ள வேற்றுமையைக் கண்ணாலும் காலாலும் அறியச் செய்தல் வேண்டும். அரசினரும் அத்தகைய நடையைத் தக்க கட்டுப்பாட்டுடன் எளிதாக்குதல் வேண்டும். இவ்விரண்டையும் வற்புறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் தாய்மொழி இவ்வேற்றுமையை நன்கு அறிந்த மொழி. மக்கள் பயிரிட்டது தோட்டம். வரிசைபட நட்டு வளர்த்தது தோப்பு. தானே எழுந்து தானே முதிர்ந்தது காடு. கான், அடவி, வனம் என இன்னும் பல பெயர்கள் உள. சோலை யென்னும் சொல் சமவெளியில் நிழல்மிக்க மரச்செறிவு எதனையும் குறிக்கும். மலைநாட்டிலோ அது தனிப்பொருள் பெற்று, உயர்ந்த மலைகளின் பள்ளங்களில் என்றும் இலையுதிராது நிற்கும் ஒருவகைக் காட்டையே குறிக்கின்றது. மேனாட்டுத் தாவர நூலாரும் அதற்கு வேறு பெயர் காணாது, நம் சொல்லையே சற்றுத் திரித்து "ஷோலா" என்று வழங்கி வருகின்றனர். உலகத்தார் நம்மிடம் கடன்கொண்ட சொல்லின் பொருளை நாமே மறந்துவிடுதல் நன்றன்று.

இம்மலையின் பண்டை நிலையைச் சிறிது நோக்குவோம். தோடர், கோத்தர், படகர், இருளர், குறும்பர் ஆகியோர் நெடுங்காலமாக வாழ்ந்துவந்த நாடு இது. கோத்தகிரி யென்னும் பெயரே கோத்தரால் வந்தது. அக்காலத்தில் மலையுச்சிகளிலும் மேடுகளிலும் புல்வெளி பரந்திருந்தது. பள்ளங்களிற் சோலை நின்றது. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று துணை. நீலகிரியின் சதுப்புக்களிற் படிந்துள்ள பழைய மக்கிய மண்ணை ஆராய்ந்து 1993-ஆம் ஆண்டில் அறிஞர் வெளியிட்ட முடிவுகளால், சென்ற 20,000 ஆண்டுகளாகத் தட்பவெப்பத்திற்கேற்பப் புல்லும் சோலையும் ஒன்று பெருகும்போது ஒன்று சுருங்கி, மாறிமாறி இம்மலையைப் பங்கிட்டு வந்தன வென்பது புலனாகிறது. மூவேந்தர் ஆட்சி தோன்றுமுன்னும், எழுத்துத் தோன்றுமுன்னும் நடந்துவந்த பங்கீடு அது.

1819-ஆம் ஆண்டில் கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பக்கமாக இம்மலைக்கு வந்தார். கன்னேரிமுக்கில் அவர் அமைத்த இல்லம் இன்றும் நினைவுச் சின்னமாகப் போற்றப்படுகிறது. அதன்பின் நிகழ்ந்த மாறுதல்கள் விரைவானவை. 1843-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவினின்று கற்பூரமரம் இங்கே புகுந்தது. சீகையும் அவ்வாறே வந்தது. காப்பியும் தேயிலையும் சரிவுகளை நிரப்பின. விறகும் பட்டையும் தரும் மரங்களை நடுவதற்கு, "வெறும் புல்தானே" என்று எண்ணிப் புல்வெளிகளையே பெரிதும் பயன்படுத்தினர். சோலையின் துணையாகிய புல்வெளி இவ்வாறு குன்றியது. சோலைகளோ துண்டுதுண்டாகத் தனித்து நின்றன.

இதனைக் கூறும்போது தேயிலையின்மேல் வசை கூறுகிறோ மென்று எவரும் எண்ணவேண்டா. 1964-ஆம் ஆண்டில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியாரும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் செய்துகொண்ட உடன்படிக்கையால், தலைமுறை தலைமுறையாக இலங்கை மலைகளில் உழைத்த தமிழர் பல்லாயிரவர் தாயகம் திரும்ப நேர்ந்தது. அவர்களுக்குப் பிழைப்பளிக்கும் பொருட்டே 1968-ஆம் ஆண்டில் தமிழக அரசினர் நீலகிரியில் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கினர். அதுவே பின்னர்த் தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. சிறு நிலங்களில் தேயிலை பயிரிட்டு வாழும் படகர் குடும்பங்களும் மிகப் பல. இவர்கள் அடுப்பு எரியவேண்டு மென்பதை மறுப்பார் யார்? தேயிலை நமக்குப் பகையன்று. தேயிலையைத் தேயிலை யென்றே அழைப்போம்; காடென்று அழையாதிருப்போம். நாம் வேண்டுவது அவ்வளவே.

இனிப் பழஞ்சோலை யொன்றைக் காண்போம். கோத்தகிரி நகரை யடுத்து, ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில், லாங்வுட் சோலை யென்னும் காடு உள்ளது. அதன் பரப்பு 116 ஹெக்டேர். ஏக்கர்க் கணக்கில் 290-க்குச் சற்றுக் குறைவு. சுற்றிலும் ஊரும் தோட்டமும் சாலையும் நெருக்க, நடுவே ஒரு தீவுபோல் அது நிற்கின்றது. அரசினரின் காப்புக்காடாக இருப்பதோடு, கோத்தகிரி வாழ்நரே கூடிக் காவற்குழு ஒன்று அமைத்து அதனைக் கண்காணித்து வந்துள்ளனர். ஈரான் நாட்டு இராம்சார் நகரில் 1971-ஆம் ஆண்டில் உலக நாடுகள் செய்துகொண்ட ஈரநில உடன்படிக்கையின்படி, 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் இச்சோலை உலக முதன்மை வாய்ந்த ஈரநிலங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பெற்றது. அவ்வறிவிப்போடு இந்தியாவின் இராம்சார் நிலங்கள் 80 ஆயின.

காட்டை ஈரநிலம் என்பது பொருந்துமோ வெனின், பொருந்தும். சோலையின் தரையில் ஆண்டுக்கணக்காக விழுந்த இலையும் கிளையும் மக்கி, மெத்தைபோற் படிந்துள்ளன. மரங்களின் மேனி முழுதும் பாசி போர்த்திருக்கின்றது. மழை பெய்யுங்கால் இவை நீரைக் குடித்துக்கொள்கின்றன. மூடுபனி தவழுங்கால் இலைகளிற் படிந்த துளிகள் சொட்டுச்சொட்டாகத் தரையிறங்குகின்றன. குடித்த நீரைச் சோலை ஒரேயடியாகக் கக்கிவிடாது. கோடையிலும் சிறிது சிறிதாக ஓடையில் விடுகின்றது. கீழேயுள்ள சிற்றூர்கள் பலவற்றின் குடிநீர்க்கு லாங்வுட் சோலையே தாய்மடி. அணைகட்டுவார் இன்றிக் கட்டிய அணை யென்று சோலையைச் சொன்னால் மிகையாகாது.

ஒரு குடும்பம் காலைப்பொழுதில் இத்தகைய சோலைக்குட் புகுவதாக வைத்துக்கொள்வோம். வெளியே வெயில் சுள்ளென்று அடிக்கும். சோலையோரத்திலே தவிட்டுப்பழச் செடியும், செம்மலர் பூக்கும் காட்டுப்பூவரசும் நிற்கும். உள்ளே பத்தடி வைத்ததும் ஒளி மங்கிக் குளிர் பிடிக்கும். மரங்கள் வானளாவி நிற்கும் என்று எதிர்பார்த்தவர்க்கு முதலில் ஏமாற்றமே. சோலை மரங்கள் பெரும்பாலும் குட்டையானவை; காற்றோடு போராடி முறுகி வளர்ந்தவை; இலை சிறுத்துத் தடித்தவை. நாவலின் இனமும், இலவங்கத்தின் இனமும், செண்பகத்தின் இனமும், உருத்திராட்சத்தின் இனமும் அங்கே கலந்து நிற்கும். கிளைகளில் ஆர்க்கிட் செடிகள் தொற்றியிருக்கும். ஓடைக்கரையில் மரம்போல் உயர்ந்த பெரணிகள் குடைவிரித்து நிற்கும்.

சிறிது நேரம் சென்றதும் பிள்ளை பொறுமையிழந்து, "அப்பா, புலி எங்கே?" என்று கேட்பான். தந்தையார் விடையறியாது விழிப்பார். உடன்வரும் உள்ளூர் வழிகாட்டியோ, "தம்பி, புலியைத் தேடாதே, உன் காலடியைப் பார்" என்பார். காலடியிலே விழுந்த மரமொன்று கிடக்கும். அதன்மேற் பாசி; பாசிக்குள் ஒரு விரல் உயரமுள்ள நாற்று. "இந்த மரம் விழுந்து எத்தனை வருஷம் இருக்கும், அண்ணா?" "உன் அப்பா பிறப்பதற்கு முன்னாலேயே விழுந்திருக்கலாம். இதை யாரும் எடுத்துப்போகவில்லை. அதனாலேதான் இந்த நாற்று பிழைத்தது." இத்தனை பேச்சே போதும். பாடப்புத்தகத்தின் பத்துப் பக்கங்கள் சொல்லாததைப் பிள்ளை கற்றுவிட்டான்.

பழங்காட்டை அறிதற்குச் சிறுவரும் கைக்கொள்ளத்தக்க அடையாளங்கள் மூன்று உண்டு. முதலாவது, கிழமரமும் நடுவயது மரமும் இளநாற்றும் ஒருங்கே நிற்றல். தோப்பிலோ எல்லா மரமும் ஒரே நாளிற் பிறந்த படைவீரர்போல் நிற்கும். இரண்டாவது, வீழ்ந்த மரம் வீழ்ந்த இடத்திலேயே கிடந்து மக்குதல். தோப்பில் விழுந்தது விறகாகிவிடும். மூன்றாவது, கோடையிலும் கால்வைத்த இடம் மெத்தென்று ஈரமாயிருத்தல். கற்பூரமரத் தோப்பிலோ காய்ந்த பட்டையும் சருகுமே மொரமொரக்கும். இம்மூன்றையும் ஒருமுறை கண்ட பிள்ளையை, "இதோ காடு" என்று எவரும் பின்னர் ஏமாற்ற வியலாது.

இதனோடு மற்றோர் உண்மையும் அவனுக்குப் புலனாகும்: சோலையை நட்டு உண்டாக்கிவிடுதல் எளிதன்று. சோலை மரங்களின் நாற்றுக்கள் பெரும்பாலும் நிழலை நாடுபவை. திறந்த வெளியின் வெயிலுக்கும் உறைபனிக்கும் கருகுபவை. முதிர்ந்த மரத்தின் நிழலிலேயே இளமரம் பிழைக்கும். விதைகளைச் சுமந்து பரப்புவோர் பறவைகளே. கனியை விழுங்கி விதையைத் தொலைவிற் சேர்க்கும் நீலகிரிக் காட்டுப்புறாவும், இம்மலைக்கே உரிய சிரிப்பான் என்னும் பறவையும் லாங்வுட் சோலையில் வாழ்கின்றன. மேற்குத்தொடர்ச்சி மலைக்கேயுரிய பறவையினங்கள் 26-இல் 14 இங்கே காணப்படுகின்றன வென்பர். ஆகவே, நிழலும் மண்ணும் பறவையும் முன்னரே அமைந்திருந்தாலன்றிச் சோலை பிறவாது. வெட்டிய காட்டுக்கு ஈடாக நாற்று நட்டோம் என்று கணக்குக் காட்டுவோர், நாற்றை நடலாம். அந்நாற்றின் பாட்டனையும் பாட்டியையும் எங்கே நடுவர்?

நிற்க. காடு இன்னதென்று அறிதல் சிறுவர் பாடம் மட்டுமன்று. நாட்டின் சட்டத்தையும் கணக்கையும் பற்றிய வழக்குமாம். டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிலையத்தார் தம் அறிக்கைகளில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரங்களின் கவிப்பு நூற்றுக்குப் பத்துப் பங்கேனும் இருக்குமாயின், அந்நிலம் யாருடையதாயினும், அம்மரம் எதுவாயினும், அதனை வனப்பரப்பிற் சேர்க்கின்றனர். பழத்தோட்டமும் மூங்கிலும் தென்னையும் இக்கணக்கில் அடங்கும். விண்ணிலிருந்து படம்பிடித்துப் பசுமையை அளத்தற்கு அம்முறை பயன்படுவதே. அவர்கள் அதனை மறைத்தாருமல்லர். ஆயின், பத்திரிகையில் "வனப்பரப்புப் பெருகியது" என்று படிக்கும் பொதுமக்கள், சோலை பெருகியதாக எண்ணி மகிழ்வாராயின், அம்மகிழ்ச்சிக்கு அடிப்படை யாது? ஒரு சோலை குறைந்து ஒரு தோப்பு கூடினாலும் அக்கூட்டுத்தொகை குறையாதே!

இவ்வழக்கிற்கும் நீலகிரிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கூடலூர்ப் பகுதியிற் காட்டுமரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து, நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தை அணுகினார். 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் நீதிபதிகள் தந்த ஆணையில், காடு என்னும் சொல்லுக்கு அகராதிப் பொருளையே கொள்ளவேண்டு மென்றும், நிலம் எவருடைமையாயினும் அப்பொருள் பொருந்துமாயின் சட்டத்தின் காப்பு அதற்குண்டென்றும் கூறினர். 2023-ஆம் ஆண்டில் வனப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பெற்றபோது இப்பொருள் சுருங்கிவிடு மென்ற அச்சம் எழுந்தது. 2024 பிப்ரவரியில், பழைய விரிந்த பொருளையே பின்பற்றி வருமாறு நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. அகராதிப் பொருள் என்பது யாது? மக்கள் ஒரு சொல்லை எப்பொருளில் வழங்குகின்றனரோ அதுவே. மக்கள் தோட்டத்தைக் காடென்று வழங்கத் தலைப்பட்டால், அகராதியும் ஒருநாள் அவ்வாறே மாறும். அன்று எந்நீதிபதி எதனைக்கொண்டு காட்டைக் காப்பார்?

ஆகவேதான், தந்தையார் வண்டியினின்று சொல்லும் ஒரு சொல்லுக்கு இத்துணை முதன்மை தருகிறோம்.

இனி, நம் கருத்தை மறுப்போர் கூறுவன சிலவற்றை நோக்குவோம். "காட்டைக் காக்க விரும்பின் மனிதரை உள்ளே விடலாகாது, அவர் கால்பட்ட இடம் உருப்படாது" என்பர் ஒருசாரார். இது வெறுங்கூற்றன்று. கீழ் கோத்தகிரிக்கு அப்பால் இருளர் வாழும் கரிக்கையூரை யடுத்துப் பொறிவரை யென்னும் பாறையில் மிகப் பழைய ஓவியங்கள் உள்ளன. அவற்றின்மேல் வந்துபோவோர் சிலர் தம் பெயரைக் கிறுக்கிப் பாழாக்கினர். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மழைக்கும் காற்றுக்கும் தப்பிய ஓவியம், ஓர் இளைஞனின் சுண்ணக்கட்டிக்குத் தப்பவில்லை. இதனினும் கொடியது உயிரிழப்பு. 2018-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றோர் காட்டுத்தீயிற் சிக்கி, இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரத்தை நாடு மறக்கலாகாது.

எனினும், இவற்றாற் பெறப்படும் முடிவு கதவை முற்றும் அடைத்தலன்று; கதவுக்கு ஒரு காவலனை அமைத்தலே. காடுகளின் பெரும்பகுதி என்றும் மூடியே இருக்கட்டும்; அதனை நாமும் விரும்புகிறோம். ஊரையடுத்த சில சோலைகளில், வரையறுத்த சில பாதைகள் மட்டும் திறந்திருத்தல் போதும். 2024 அக்டோபரில் தமிழக அரசினர் தொடங்கிய மலைநடைத் திட்டம் இவ்வழியிற் செல்வதே. மாநிலமெங்கும் 40 பாதைகள் வகுத்து, முன்பதிவு செய்தோரை மட்டும், பயிற்சிபெற்ற உள்ளூர் வழிகாட்டிகளுடன் அனுப்புகின்றனர். லாங்வுட் சோலைப் பாதையும், கரிக்கையூரினின்று பொறிவரைக்குச் செல்லும் பாதையும் அவற்றுள் அடங்கும். காட்டிற் பிறந்து வளர்ந்த இருளர், குறும்பர் போன்றோர்க்கு இதனாற் கூலி கிடைப்பதோடு, ஆசிரியர் நிலையும் கிடைக்கின்றது. நகரத்துப் பிள்ளை ஒரு பழங்குடி இளைஞரை "அண்ணா" என்றழைத்து, அவரிடம் பாடம் கேட்பதே ஒரு பெருங்கல்வி யன்றோ? வழிகாட்டிகளின் ஊதியம் குறைவின்றி நிலைபெறவும், பள்ளிப் பிள்ளைகட்கும் வறிய குடும்பத்தார்க்கும் கட்டணம் தளர்த்தப்பெறவும் அரசினர் வகைசெய்தல் வேண்டு மென்பது நம் வேண்டுகோள்.

"பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டும், அட்டை கடிக்கும், படகுச் சவாரியே அவர்கள் விரும்புவது" என்பர் வேறொரு சாரார். சலிப்புத் தட்டும் என்பது மெய்யே. முதல் அரைமணி நேரம் தட்டட்டும். சலிப்பைக் கடந்த பின்னரே கண் திறக்கும். எதற்கும் ஓயாது வேடிக்கை காட்டி வளர்த்த பிள்ளை, நாளை அமைதியான எதனையும் பயனற்ற தென்று தள்ளிவிடுவான். அட்டை கடித்தாற் சிறிது குருதி போகும், அவ்வளவே. படகுச் சவாரியை வேண்டா மென்று நாம் கூறவில்லை. மாலையிற் படகு, காலையிற் சோலை யென்று பகிர்ந்துகொள்ளலாமே.

"மலைக்குச் செல்லும் வசதி எல்லார்க்கும் உண்டோ?" என்னும் வினா நேர்மையானது. அதற்கு விடை, பழங்காடு மலையில் மட்டும் இல்லை யென்பதே. சமவெளி ஊர்கள் பலவற்றில் இன்றும் கோயிற்காடுகள் எஞ்சியுள்ளன. ஊரார் அச்சத்தாலும் அன்பாலும் வெட்டாது விட்டவை அவை. சென்னைமாநகரின் நடுவிலேயே கிண்டியில் இயற்கைக் காட்டின் ஒரு துண்டு உள்ளது. மேற்சொன்ன மூன்று அடையாளங்களை அங்கும் தேடலாம். மலைக்குப் போகாதது குறையன்று. அருகிலிருப்பதைக் காணாததே குறை.

சோலைநடை மேற்கொள்ளும் குடும்பத்தார் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்குகள் சில உள. அவை கடினமானவை யல்ல. உரிய இசைவு பெற்று, வழிகாட்டியுடனேயே செல்லுதல் வேண்டும். ஐந்தாறு பேருக்கு மேற்படாத சிறு குழுவாகச் செல்லுதல் நன்று. கோத்தகிரிப் பக்கத்திற் காட்டெருமையும் கரடியும் தோட்டங்களுக்குள்ளும் உலாவுவன. ஆதலின் விடியுமுன்னும் பொழுது சாய்ந்த பின்னும் நடத்தல் ஆகாது. செல்பேசியிற் பாட்டு வைப்பதும், கூவுவதும் கூடா. சோலைக்கு ஓசை யுண்டு, அதனைக் கேட்கவே சென்றோம். பூவும் காயும் பறித்தலும், மரத்திற் பெயர் செதுக்குதலும், குரங்கிற்குத் தின்பண்டம் எறிதலும் விலக்கத்தக்கன. கொண்டுசென்ற காகிதமும் புட்டியும் மீண்டும் பையிலேயே திரும்பவேண்டும். உலர்ந்த காலத்தில் நெருப்பு மூட்டுதலும் புகைபிடித்தலும் கொலைக்கு ஒப்பாகும். வனத்துறையார் தீப்பருவத்திற் பாதையை மூடினால், முணுமுணுக்காது திரும்பிவிடுதல் வேண்டும்.

வண்டிகளின் பெருக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே மாதம் 7-ஆம் நாள் முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு இணையவழி நுழைவுச்சீட்டு வேண்டுவதாயிற்று. 2025-இல் கோடைக்கால வண்டிகளின் எண்ணிக்கைக்கே வரம்பு விதிக்கப்பெற்றது. வணிகர் சிலர் இதனால் வருந்தினர். அவர் வருத்தம் பொருளற்ற தன்று. ஆயினும் மலைக்கும் ஒரு கொள்ளளவு உண்டென்பதை மறுக்க வொண்ணாது. 2009 நவம்பரில் நீலகிரியிற் பெருமழையால் மண்சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். சரிவுகளை வெட்டிச் சாலையும் விடுதியும் பெருக்கப் பெருக்க, வேர்கள் பின்னிப் பிடித்திருந்த மண் பிடியிழக்கின்றது. வருவோர் தொகையைக் கூட்டுவதினும், வந்தோர் தங்கி நின்று ஆழ்ந்து காணுமாறு செய்வதே மலைக்கும் மலைவாழ்நர்க்கும் நலம். ஒரே நாளிற் பத்து இடங்களை ஓடிப்பார்க்கும் குடும்பத்தினும், ஒரு சோலையில் மூன்று மணிநேரம் நடந்து, உள்ளூர் உணவகத்தில் உண்டு, ஓரிரவு தங்கிச்செல்லும் குடும்பம் அம்மலைக்குச் சிறந்த விருந்தாகும்.

கல்லூரியிற் பயிலும் நண்பர்காள்! நும்மிற் பலர் இன்னும் சில ஆண்டுகளில் ஆசிரியராவீர், சிலர் அலுவலராவீர், வழக்கறிஞராவீர், பெரும்பாலோர் பெற்றோராவீர். ஒரு சோலையை வெட்டலாமோ, அதனூடே சாலை போடலாமோ என்னும் கோப்பு ஒருநாள் நும்முள் ஒருவர் மேசைக்கு வரக்கூடும். அக்கோப்பில் நிலத்தின் அளவும், மரங்களின் தொகையும், ஈடாக நடப்போகும் நாற்றுக்களின் எண்ணும் தவறாது எழுதப்பட்டிருக்கும். பாசி போர்த்த வீழ்மரமும், அதன்மேல் நின்ற ஒருவிரல் நாற்றும், கோடையிலும் கசியும் ஓடையும் அக்கோப்பில் இரா. அவற்றை நீவிர் இளமையிற் கண்டிருந்தாலன்றி நும் நினைவுக்கு அவை வரமாட்டா. கண்டவர் கையெழுத்து ஒருவகை; காணாதவர் கையெழுத்து வேறுவகை.

ஆதலின், வருகின்ற கோடையில் இயன்றோர் தம் தம்பி தங்கையரையும், முடியுமாயின் தாய்தந்தையரையும் அழைத்துக்கொண்டு, ஒரு பழஞ்சோலையில் மெல்ல நடந்து வருவீராக. திரும்பும் வழியில் தேயிலைச் சரிவைக் கண்டு, "இது தோட்டம், அங்கே பள்ளத்திற் கருத்து நிற்கிறதே, அதுதான் சோலை" என்று வீட்டிலுள்ள சிறு பிள்ளை தானே சுட்டிக்காட்டுமாயின், சென்ற பயணம் முழுப்பயன் தந்ததென்று கொள்ளலாம். பெயரறிந்து போற்றுவார் உள்ள பொருள் எளிதிற் கொள்ளை போகாது.